நிலத்துக்கு யார் பணம் தருகிறார்கள்? பெரும்பாக்கத்தை உருவாக்கிய நிதிக் கணக்கு

சென்னையில் ஒரு குடிசைப் பகுதி அகற்றப்படும்போது, மாற்று வீடு உண்டா என்று கேட்கிறோம். உண்டு என்கிறது அரசு. அந்த வீடு ஏன் நகரத்தின் விளிம்பிலேயே அமைகிறது என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது. அதற்கான விடை நிதி ஏற்பாட்டில் இருக்கிறது.

1970-இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டது. தொடக்க ஆண்டுகளில் மாடிக் குடியிருப்புகள் பெரும்பாலும் குடிசைகள் இருந்த இடத்திலேயே எழுந்தன. 1977 முதல் உலக வங்கியின் கடன் வந்தது. கொடுத்த பணம் திரும்ப வேண்டும் என்பது அதன் நிபந்தனை. எனவே அடுக்குமாடிகளுக்குப் பதிலாக, இருக்கும் இடத்தையே மேம்படுத்தித் தவணை முறையில் மனை உரிமை வழங்குவது முன்னுரிமை பெற்றது.

2005-இல் வந்த ஜவஹர்லால் நேரு நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டத்தில், சென்னை போன்ற பெருநகரங்களில் ஏழைகளுக்கான வீட்டுச் செலவில் பாதியை ஒன்றிய அரசு ஏற்றது. நிலத்தின் விலை அதில் சேராது. 2015-இல் தொடங்கிய பிரதமர் வீட்டுவசதித் திட்டத்திலும், கூட்டாண்மைக் குடியிருப்புகளுக்கு ஒரு வீட்டுக்கு 1.5 லட்சம் ரூபாய் மட்டுமே ஒன்றிய அரசின் பங்கு. மீதியை மாநில அரசும் பயனாளியும் ஏற்க வேண்டும். நிலம் மாநிலத்தின் பொறுப்பு.

இதன் விளைவு எளிது. எண்ணிக்கைக்குப் பணம் உண்டு, இடத்துக்கு இல்லை. ஆகவே அரசு நிலம் பெருமளவில் கிடைக்கும் இடத்தில் வாரியம் கட்டுகிறது. பெரும்பாக்கம் அப்படி எழுந்ததே. குடிசைப் பகுதிகளில் தலித் மக்களின் விகிதம், மாநில மக்கள்தொகையில் அவர்களின் விகிதத்தைவிட அதிகம். ஊருக்கு வெளியே சேரி என்ற பழைய ஏற்பாட்டை, சாதியின் பெயரைச் சொல்லாமலேயே நிதி விதி மீண்டும் நிறுவுகிறது.

கட்டிய பிறகும் சிக்கல் தீர்வதில்லை. ஒன்றிய நிதி கட்டுமானத்துக்கு மட்டுமே. மின்தூக்கி, குடிநீர், கழிவுநீர் ஆகியவற்றின் பராமரிப்புச் செலவு மாதந்தோறும் வரும். வேலையிடத்தை விட்டு வெகுதூரம் அனுப்பப்பட்டவர்களிடமே பராமரிப்புக் கட்டணமும் கேட்கப்படுகிறது. கையில் இருப்பதோ ஒதுக்கீட்டு ஆணை. கிரயப் பத்திரம் அன்று.

வாழ்வாதார உரிமை உறுப்பு 21-இன் பகுதி என்று ஓல்கா டெல்லிஸ் வழக்கில் 1985-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் முறையாக அறிவிப்பு தந்து அகற்றுவதை அத்தீர்ப்பு தடுக்கவில்லை. எனவே நீதிமன்றத்துக்கு முன்பே நம் பணி தொடங்க வேண்டும். திட்ட அறிக்கை ஒப்புதல் பெறுமுன், தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மூன்றைக் கேட்போம்: அருகில் எந்த அரசு நிலங்கள் பரிசீலிக்கப்பட்டன? பயனாளியின் பங்கு எவ்வளவு? பராமரிப்புக்கு எந்த நிதி?

நீர்வழிக் கரையில் வீடு கட்ட முடியாது என்பது சரியாக இருக்கலாம். அங்கிருந்து இரண்டு கிலோமீட்டரில் ஏன் முடியாது என்பதற்கு அரசு எழுத்தில் பதில் தரட்டும்.