பண்டைய ஜெர்மானியரின் நெசவும் சிறார் வண்ணப்படமும்

முன்னுரை

எழுத்தறியாச் சிறாருக்கும் வரலாற்றை உணர்த்தவல்ல எளிய கருவிகளுள் ஒன்று வண்ணம் தீட்டும் படம். கோடுகளை ஆசிரியர் தருகிறார். நிறத்தைக் குழந்தை தருகிறது. பண்டைய ஜெர்மானியப் பெண்ணொருத்தி தறியின் முன் நிற்கும் படத்தைக் குழந்தையின் கையில் கொடுத்தால், "இந்த ஆடைக்கு என்ன நிறம்?" என்னும் வினா உடனே எழும். சிறு வினாவாயினும் அதற்கு விடை கூற வரலாறு, தொல்லியல், வேதியியல் ஆகிய மூன்றும் துணைநிற்க வேண்டியுள்ளது. அவ்விடையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உரோமர் கண்ட ஜெர்மானியர்

ரைன் ஆற்றுக்குக் கிழக்கிலும், டான்யூப் ஆற்றுக்கு வடக்கிலும், இன்றைய டென்மார்க்கிலும், ஸ்காண்டிநேவியாவின் தென்பகுதியிலும் வாழ்ந்த பல குலத்தாரை ஜெர்மானியர் என்னும் பொதுப்பெயரால் குறிக்கிறோம். உரோமர் இவர்களை நாகரிகம் அறியாதவர் எனக் கருதினர். தோலைப் போர்த்திக்கொண்டு காட்டில் திரிந்த முரடர் என்னும் எண்ணம் இன்றளவும் பலர் மனத்தில் பதிந்துள்ளது.

ஆயின், உரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் கி.பி. 98இல் இயற்றிய 'ஜெர்மானியா' என்னும் நூல், விலங்குத் தோலாடையைக் கூறுவதோடு, அம்மகளிர் செந்நீலம் ஊட்டிய லினன் ஆடைகளை அணிந்ததையும் கூறுகிறது. கி.பி. 79இல் மறைந்த மூத்த பிளினி, அவர்கள் நிலத்தின் அடியில் இருந்து லினன் துணி நெய்ததாகக் குறித்துள்ளார். தரையைத் தோண்டி அமைத்த குழிக்குடில்கள் பல அகழாய்வில் வெளிப்பட்டன. அவற்றுட் சிலவற்றில் தறிக்குரிய களிமண் எடைகள் கிடைத்திருப்பது பிளினியின் கூற்றுக்கு அரணாக அமைகிறது. குழியின் ஈரம் ஆளிச்செடியின் நாரை முறியாமல் காக்கும் என்பதும் நோக்கத்தக்கது.

தறியின் அமைப்பு

அவர்தம் தறி செங்குத்தானது. இரண்டு மரக்கால்களைச் சுவரில் சாய்த்து நிறுத்தி, அவற்றின் மேல் ஒரு குறுக்குச் சட்டத்தை ஏற்றுவர். பாவு நூல்கள் அச்சட்டத்திலிருந்து கீழே தொங்கும். நூல்கள் தளராமல் இருக்க அவற்றின் நுனியில் களிமண் அல்லது கல் எடைகளைக் கட்டுவர். பாவினை இரண்டாகப் பிரிக்க விழுதுக்கோல் உதவும். பிரிந்த இடைவெளியில் ஊடை நூலைச் செலுத்தி, வாள்போன்ற மரக்கருவியால் மேல்நோக்கித் தட்டுவர். துணி மேலிருந்து கீழாக வளரும்.

இத்தறியில் நெய்பவர் உட்கார இயலாது. நின்றும் நடந்துமே நெய்ய வேண்டும். அகன்ற துணியாயின் இருவர் அருகருகே நின்று நெய்வர். எனவே, நெய்யும் பெண் அமர்ந்திருப்பதாக வரைந்த படம் பிழையுடையதாகும். அருகில் இராட்டை காணப்படினும் அதுவும் பிழையே. அக்காலத்தில் நூல் நூற்றது தக்களியினால் மட்டுமே. பாக்தாதில் 1237இல் தீட்டப்பட்ட ஓவியத்தில் இராட்டை இடம்பெற்றுள்ளது. ஐரோப்பாவில் அது பற்றிய தெளிவான சான்றுகள் 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் கிடைக்கின்றன.

துணியின் கரைகளை அழகுபடுத்த அவர்கள் கையாண்டது அட்டை நெசவு. நான்கு மூலைகளிலும் துளையிட்ட சிறு சதுரப் பலகைகள் பலவற்றை அடுக்கி, ஒவ்வொரு துளையிலும் ஒரு நூலைக் கோப்பர். பலகைகளைக் கால்சுற்றுத் திருப்பும்தோறும் புதிய இடைவெளி திறக்கும். அதில் ஊடையைச் செலுத்துவர். வடஜெர்மனியின் தோர்ஸ்பெர்க் சதுப்பு நிலத்தில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அகழ்ந்தெடுத்த மேலாடையின் கரைகள் இம்முறையில் நெய்யப்பட்டவை. அம்மேலாடையில் நீலச் சாயமும் காணப்பட்டது. பழைய அட்டைகளைச் சதுரமாக வெட்டித் துளையிட்டால் நம் வகுப்பறையிலும் இதனைச் செய்து காட்டலாம்.

மறைந்த நிறம்

இனி நிறத்துக்கு வருவோம். டென்மார்க்கின் ஹுல்ட்ரமோஸ சதுப்பு நிலத்தில் 1879இல் ஒரு பெண்ணின் உடல் கிடைத்தது. அவள் வாழ்ந்து ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் ஆகின்றன. கம்பளியாலான பாவாடையும் கழுத்துத் துணியும், அவற்றின்மேல் தோலாலான போர்வைகளும் அவள் அணிந்திருந்தாள். அனைத்தும் பழுப்பாகவே தோன்றின. ஆயின், பிற்கால வேதியியல் ஆய்வு, அப்பாவாடை முதலில் நீலமாகவும் கழுத்துத் துணி சிவப்பாகவும் இருந்தன என்பதைக் காட்டிற்று. கட்டம் போட்ட அத்துணிகளின் நிறத்தைச் சேறு உண்டுவிட்டது. பழுப்பு அவள் விரும்பிய நிறமன்று.

சதுப்பு நிலத்தின் அமிலம் கம்பளியைக் காக்கும். ஆளி நாரை அழித்துவிடும். டாசிட்டஸ் கூறிய லினன் ஆடைகள் அங்கே கிடைக்காமைக்கு இதுவே காரணமாகும். கிடைக்காத காரணத்தால் இல்லை என்று முடிவுகட்டுதல் கூடாது.

வடஐரோப்பியர் நீலத்தை 'வோடு' என்னும் செடியின் இலையிலிருந்து பெற்றனர். நம் நாட்டு அவுரி தரும் நீலப்பொருளே அதிலும் உள்ளது. நம் மஞ்சிட்டியின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் வேர் சிவப்பைத் தந்தது. சாயமிடாத ஆட்டுமயிரின் வெண்மை, சாம்பல், கருமை, பழுப்பு ஆகியனவும் துணியில் கலந்தன. எனவே, குழந்தை நீலக் கட்டங்களையும் சிவப்புக் கட்டங்களையும் தீட்டுமாயின் அது கற்பனையன்று, வரலாறே ஆகும்.

முடிவுரை

9ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வெஸ்ஸெக்ஸ் நாட்டை ஆண்ட ஆல்பிரட் மன்னர் தம் உயிலில் ஆண்வழியை 'ஈட்டிப் பக்கம்' என்றும் பெண்வழியைத் 'தக்களிப் பக்கம்' என்றும் குறித்தார். ஜெர்மானிய மரபில் வந்த அம்மன்னருக்கு இரண்டும் குடும்பத்தின் இரு பக்கங்கள். நம் வரலாற்று நூல்களோ பெரிதும் ஈட்டிப் பக்கத்தையே பேசுகின்றன. போர்களுக்கு ஆண்டுகள் உண்டு; மன்னர்களுக்குப் பெயர்கள் உண்டு. ஒரு மேலாடைக்காக மாதக்கணக்கில் நூற்றும் நெய்தும் நின்ற பெண்ணுக்கு அவ்விரண்டும் இல்லை. அவள் விட்டுச்சென்றவை களிமண் எடைகளும் நிறம் மங்கிய துணியுமே.

ஆகவே, மாணவ மணிகளே, ஆசிரியப் பெருமக்களே! வண்ணப்படத்தைச் சிறாரை அமைதியாக இருத்தும் உத்தியாக மட்டும் எண்ணிவிடலாகாது. படத்தைக் கொடுக்கும்முன் தறியை விளக்குங்கள். அவள் ஏன் நிற்கிறாள் என்று வினவுங்கள். நிறத்துக்குச் சான்று கூறுங்கள். பிற மக்களை இழித்துரைத்த சொற்களுக்கு அப்பால், அவர்தம் கைவினையைக் கண்டு மதிக்கும் பண்பு ஒரு வண்ணக்கோலிலிருந்தும் தொடங்கலாம்.