ஐந்தாம் மாத ஸ்கேன்: மருத்துவரின் மௌனத்துக்கு என்ன பொருள்?

"ஏன் டாக்டர் ஒன்றுமே பேசாமல் பார்க்கிறீர்கள்? குழந்தைக்கு ஏதாவது குறையா?"

எங்கள் ஸ்கேன் அறையில் அடிக்கடி ஒலிக்கும் கேள்வி இது. இருபதாவது வாரத்தில் கணவருடனும் மாமியாருடனும் வந்திருந்த ஒரு தாயும் இதையே கேட்டார். அவர்களின் அனுமதியுடன் அந்த அனுபவத்தை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

'அனாமலி ஸ்கேன்' எனப்படும் இப்பரிசோதனை பொதுவாக 18 முதல் 22 வாரங்களுக்குள் செய்யப்படுகிறது. இதில் பயன்படுவது ஒலி அலைகளே; எக்ஸ்ரே கதிர்கள் அல்ல. குழந்தையின் மூளை, உதடு, முதுகெலும்பு, இதயத்தின் நான்கு அறைகள், இரைப்பை, சிறுநீரகங்கள், கை கால்கள் ஆகியவற்றை மருத்துவர் ஒவ்வொன்றாகப் பார்த்து அளவெடுக்கிறார். பனிக்குட நீரின் அளவும் நஞ்சுக்கொடியின் இடமும் குறித்துக்கொள்ளப்படும். இதற்கு அரை மணி நேரம் வரை ஆகலாம். மௌனம் கவனத்தின் அடையாளமே தவிர, கெட்ட செய்தியின் அறிகுறி அன்று.

அன்று குழந்தை குப்புறக் கிடந்ததால் முகம் தெரியவில்லை. சற்று நடந்துவிட்டு வருமாறு அந்தத் தாயிடம் கூறினோம். இரண்டாம் முறை முகம் தெளிவாகத் தெரிந்தது. "ஆணா, பெண்ணா?" என்று மாமியார் ஆவலுடன் கேட்டார். கருவின் பாலினத்தைத் தெரிவிப்பதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது என்பதை விளக்கினோம்.

உறுப்புகள் அனைத்தும் இயல்பாகவே காணப்பட்டன. ஆனால், நஞ்சுக்கொடி கருப்பை வாய்க்கு மிக அருகில் இருந்தது. அதைச் சொன்னதும் அந்தத் தாயின் கண்கள் கலங்கின. "படியேறியதால் இறங்கிவிட்டதோ?" என்றார் மாமியார். அவ்வாறு இல்லை. கரு எந்த இடத்தில் பதிகிறதோ, அதைப் பொறுத்தே நஞ்சுக்கொடி அமைகிறது. இதில் யாருடைய தவறும் இல்லை. கருப்பை வளரும்போது அதன் கீழ்ப்பகுதி விரிந்து நீள்வதால், பெரும்பாலோருக்கு நஞ்சுக்கொடி பின்னர் மேலே விலகிவிடும். விலகிற்றா என்பதை அறிய 32ஆவது வார அளவில் மறுபடியும் ஸ்கேன் தேவை. அப்போதும் வாயை மூடியிருந்தால், அறுவைச் சிகிச்சை மூலம் குழந்தையைப் பாதுகாப்பாக வெளியே எடுக்கத் திட்டமிடுவோம்.

இடைப்பட்ட காலத்தில் இரத்தப்போக்கு ஏற்பட்டால், வலி இல்லாவிட்டாலும், உடனே மருத்துவமனைக்கு வரவேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கலாகாது.

இன்னொன்றையும் அந்தக் குடும்பத்தாரிடம் வலியுறுத்தினோம். நம் வழக்கப்படி வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய்வீடு செல்வார். மறு ஸ்கேன் விடுபட்டுப்போவது பெரும்பாலும் அந்தச் சமயத்தில்தான். ஆகவே ஸ்கேன் அறிக்கையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். நஞ்சுக்கொடி கீழே இருப்பது தெரியாமல் உள்பரிசோதனை செய்தால் இரத்தப்போக்கு மிகலாம். எனவே எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும் முதலில் அந்த அறிக்கையைக் காட்டுங்கள்.

எல்லாக் குறைகளையும் இந்த ஸ்கேன் காட்டிவிடும் என்று கூற இயலாது. எனினும் பிரசவத்துக்கு முன்பே ஆயத்தமாவதற்குத் தேவையான காலத்தை அது தருகிறது. ஐயம் எதுவாயினும் அறையை விட்டு வெளியேறும் முன் எங்களிடம் கேளுங்கள். அளவெடுத்து முடித்ததும் பதில் சொல்ல நாங்கள் காத்திருக்கிறோம்.