ஆபத்தா? பட்டனை அமுக்கலாம், ஓடி வர ஆள் உண்டா?

உங்கள் நிருபர் நடத்திய நள்ளிரவு சோதனை!

சென்னை,

இரவு மணி பத்தரை. கடைசி பஸ் போய்விட்டது. தெரு விளக்கு எரியவில்லை. பின்னால் யாரோ நடந்து வரும் செருப்புச் சத்தம். நின்றால் அதுவும் நிற்கிறது. நடந்தால் மறுபடியும் கேட்கிறது.

கையில் செல்போன் இருக்கிறது. யாரைக் கூப்பிடுவது? நம்பரைத் தேடி, "ஹலோ" சொல்லி, எந்தத் தெரு, எந்த முனை என்று விளக்குவதற்குள் எதுவும் நடந்துவிடலாமே!

இந்த ஒரு நிமிஷத்துக்காகவே வந்தவைதான் "ஆபத்து உதவி" செயலிகள். ஒரு பட்டனை அமுக்கினால் போதும். நாம் முன்கூட்டியே குறித்து வைத்த நண்பர்களுக்கு, நாம் நிற்கும் இடத்தோடு தகவல் பறந்துவிடும்.

ஆறு பேர் வட்டம்

2011-ம் ஆண்டு அமெரிக்க வெள்ளை மாளிகை ஒரு போட்டி நடத்தியது. இளம்பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்கும் செல்போன் செயலிக்குப் பரிசு. வென்ற இரண்டில் ஒன்றின் பெயர் "சர்க்கிள் ஆப் 6". நம்பிக்கையான ஆறு பேரைச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. இரண்டு தட்டு தட்டினால் "வந்து என்னைக் கூட்டிப் போ" என்ற செய்தி இடத்தோடு அவர்களுக்குப் போனது. இன்னொரு படத்தைத் தட்டினால், "உடனே எனக்கு போன் பண்ணு" என்று போனது. தொல்லை கொடுக்கும் ஆளிடமிருந்து நழுவ ஒரு சாக்கு!

2012 டிசம்பர் 16. டெல்லியில் ஓடும் பஸ்சில் மாணவிக்கு நடந்த கொடுமை நாட்டையே உலுக்கியது. அடுத்த ஆண்டே இந்தச் செயலி டெல்லிக்கென்று இந்தியிலும் வந்தது. 2015 ஜனவரியில் டெல்லி போலீசார் "ஹிம்மத்" என்று தனியாக ஒன்றை விட்டனர்.

பேச்சு நின்றது, தடமும் நின்றது

2019 நவம்பர் 27 இரவு. ஐதராபாத் அருகே சம்ஷாபாத் சுங்கச்சாவடி. ஸ்கூட்டர் டயர் பஞ்சர். கால்நடை டாக்டரான இளம்பெண், "பயமாக இருக்கிறது" என்று தங்கையிடம் போனில் சொன்னார். கொஞ்ச நேரத்தில் போன் ஆப் ஆனது. மறுநாள் எரிந்த உடல்தான் கிடைத்தது.

தேடி ஓடிய குடும்பத்துக்குப் போலீஸ் நிலையத்தில் கிடைத்தது எல்லைத் தகராறு. அலட்சியமாக இருந்ததாக 3 போலீசார் சஸ்பெண்டு ஆனார்கள்.

அதன் பிறகுதான் நம் ஊரிலும் பரபரப்பு. தமிழக போலீசார் 2018-ல் கொண்டு வந்திருந்த "காவலன்" செயலியைப் பற்றிக் கல்லூரி கல்லூரியாகப் போய் எடுத்துச் சொன்னார்கள். 2022-ல் "காவல் உதவி" செயலி வந்தது. சிவப்பு பட்டனை அமுக்கினால் கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் போகும்.

மூன்று பேருக்குத் தகவல்

சரி, நண்பர்களை நம்பலாமா? உங்கள் நிருபர் தன் தலையிலேயே சோதித்துப் பார்த்தார்.

இரவு 11 மணி. பெரம்பூரில் ஒரு தெருமுனை. போலீஸ் பட்டனைத் தொடவில்லை. விளையாட்டுக்கு அமுக்கினால் நிஜமாக ஆபத்தில் இருப்பவருக்கு வரும் வண்டி தாமதமாகும். மூன்று நண்பர்களுக்கு மட்டும், "உடனே வா" என்று இடத்தோடு செய்தி போனது.

முதல் ஆள் உயிர்த் தோழன். பள்ளிக்கூட நாளிலிருந்து பழக்கம். போனை "சைலண்டில்" போட்டுத் தூங்கிவிட்டான். காலையில் ஏழு மணிக்கு, "என்னடா ஆச்சு?" என்றான்!

இரண்டாவது ஆள் பார்த்துவிட்டான். ஆனால் அவன் இருப்பது தாம்பரத்துக்கும் அப்பால். பதறிப்போய் போன் மேல் போன் போட்டான். வேறென்ன செய்வான், பாவம்.

மூன்றாவது ஆள் பக்கத்துத் தெரு டீக்கடைக்காரர். நெருங்கிய சிநேகிதம் என்று சொல்ல முடியாது. ஒன்பதாவது நிமிஷம் சைக்கிளில் வந்து நின்றார். ஒரு கையில் டார்ச். கைலியை மடித்துக் கட்டியிருந்தார். சோதனை என்று சொன்னதும் திட்டினார். பிறகு, "நல்லா இருக்கியே, அது போதும்" என்றார். உங்கள் நிருபருக்குத் தலை நிமிரவில்லை.

யாரைச் சேர்ப்பது?

அன்று தெரிந்த பாடம் இது. ரொம்பப் பிரியமானவரை மட்டும் போட்டால் போதாது. பக்கத்தில் இருப்பவர், ராத்திரியில் போனை எடுப்பவர், கிளம்பி வரக்கூடியவர். இப்படிப் பார்த்துப் போட வேண்டும். போட்டபின், "உன் பெயரைப் போட்டிருக்கிறேன். இப்படி ஒரு செய்தி வந்தால் இதைச் செய்" என்று நேரில் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் போட்ட பெயர் வெறும் பெயர்தான்.

இன்னொரு எச்சரிக்கை. இடத்தைக் காட்டும் வசதி சந்தேகப் புத்திக்காரர் கையில் சிக்கினால் அதுவே கயிறாகிவிடும். வாட்ஸ்ஆப்பில் நேரடி இருப்பிடத்தை 15 நிமிஷம், 1 மணி, 8 மணி என்று அளவோடு பகிரலாம். வேலை முடிந்ததும் நிறுத்திவிடலாம்.

மறக்கக்கூடாதவை

* உயிருக்கு ஆபத்தென்றால் முதலில் 112. நண்பர் அப்புறம். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098.

* 2017 ஜனவரி 1 முதல் விற்கும் போன்களில் ஆபத்து பட்டன் இருக்க வேண்டும் என்பது மத்திய அரசு உத்தரவு. சாதா போனில் 5 அல்லது 9-ஐ அழுத்திப் பிடிக்க வேண்டும். இப்போதுள்ள பல ஸ்மார்ட் போன்களில் பவர் பட்டனை ஐந்து முறை வேகமாக அமுக்க வேண்டும். உங்கள் போனில் எப்படி என்று பகலிலேயே "செட்டிங்"கில் பார்த்து வையுங்கள்.

* சார்ஜ் இல்லாவிட்டால் எந்தச் செயலியும் உதவாது. சிக்னல் இல்லாத இடத்திலும் அதே கதைதான். இரண்டு நம்பராவது மனப்பாடமாக இருக்கட்டும்.

ஆணுக்கும் இது வேண்டும். ராத்திரி கல்லாப் பணத்தோடு வீடு திரும்பும் கடைக்காரருக்கும், தனியாக இருக்கும்போது நெஞ்சு வலிக்கும் பெரியவருக்கும் வேண்டும்.

இன்று வீட்டுக்குப் போகும் வழியில் ரெயிலில் உட்கார்ந்து யோசியுங்கள். நீங்கள் கூப்பிட்டால் வரும் மூன்று பேர் யார்? அதோடு இன்னொன்று: யாராவது உங்கள் பெயரைப் போட்டிருந்தால், இன்று ராத்திரி உங்கள் போன் "சைலண்டில்" இருக்குமா?