கேம் மாற்றும்போது எதையெல்லாம் வைத்துக்கொள்ளலாம்?

கொய்யா சீசனில் ஆயக்குடிப் பக்கம் ஒரு 100 சிசி பைக் இழுக்கும் பாரம் கொஞ்சநஞ்சமல்ல. தோட்டத்திலிருந்து சந்தைக்குக் கூடை கூடையாகப் பழம் போக வேண்டும். இடையில் வரதமாநதி அணையைத் தாண்டிக் கொடைக்கானல் மலை ஏறும் வேலையும் வரும். பழனியிலிருந்து அது சுமார் 64 கிலோமீட்டர், முடிகிற இடம் 2,100 மீட்டர் உயரம். இப்படி உழைக்கிற வண்டியின் ஹெட்டில் ஒருநாள் 'டிக் டிக்' என்று சத்தம் ஆரம்பிக்கும். டேப்பட் அட்ஜஸ்ட் செய்தால் சில நாள் அடங்கும், பிறகு மறுபடியும் கேட்கும். ஹெட் கவரைத் திறந்து பார்க்கும் மெக்கானிக், கேம் போய்விட்டது என்பார். கேம் மட்டும் மாற்றினால் போதுமா, அதைச் சுற்றியுள்ள சாமான்களையும் மாற்ற வேண்டுமா என்பதுதான் அடுத்த கேள்வி. செலவு எங்கே போய் நிற்கும் என்பதும் அதில்தான் இருக்கிறது.

கேம் ஷாஃப்ட்டின் வேலை எளியது. கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒரு சுற்று. அதன் மேடு ராக்கரைத் தூக்க, ராக்கர் வால்வை அமுக்கித் திறக்கும். அந்த மேட்டில் அழுத்தம் மிக அதிகமாக விழுவது வண்டி வேகமாகப் போகும்போது அல்ல, மெதுவாக ஓடும்போது. வேகத்தில் வால்வும் ராக்கரும் தம் வேகத்தாலேயே ஸ்பிரிங்கின் பாரத்தைக் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும். மெதுவாக ஓடும்போது ஸ்பிரிங்கின் முழு அழுத்தமும் மேட்டின் உச்சியில்தான். எண்ணெயும் அப்போதுதான் குறைவாக மேலே வரும். ஐட்லிங்கில் வெகுநேரம் விட்டு வைப்பது கேமுக்கு ஓய்வு என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி எதை மாற்றுவது என்பதற்கு வருவோம். கேமை நேரடியாக உரசுகிற சாமான் கேமோடு சேர்ந்தே போக வேண்டும், உரசாததை அளந்து பார்த்து முடிவு செய்யலாம். அம்மியைப் புதிதாகக் கொத்திவிட்டுத் தேய்ந்து பள்ளமான பழைய குழவியை உருட்டினால் என்ன ஆகும்? அதே கதைதான் ராக்கருக்கும். பழைய ராக்கரின் முகம் பழைய கேமின் தேய்மானத்துக்கு ஏற்ப வடிவம் மாறியிருக்கும். அதைப் புதுக் கேமின் மேல் வைத்தால் முழு முகமும் படாமல் ஒரு விளிம்பு மட்டும் உரசும். புதுக் கேமும் சீக்கிரமே போய்விடும்.

கேமை மாற்றாத வேலையிலும் ராக்கர் முகத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்கினால் மாற்றுங்கள். சிலர் லேத்தில் கொடுத்து வெல்டு வைத்துத் தேய்த்து வாங்கி வருகிறார்கள். வழுவழுப்பு வந்துவிடும், முகத்துக்குத் தேவையான கடினம் வருமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இந்தச் சிக்கனம் எனக்கு உடன்பாடில்லை. ராக்கர் ஷாஃப்ட்டில் பள்ளம் இல்லையென்றால் அதை வைத்துக்கொள்ளலாம்.

பழைய புல்லட்டிலும், பியூஜோ டீசல் இன்ஜின் வைத்த மகிந்திரா ஜீப்பிலும் அமைப்பு வேறு. கேம் கீழே இருக்கும். அதன் மேல் டேப்பட், டேப்பட்டின் மேல் புஷ் ராடு, கடைசியில் ராக்கர். இங்கே கேமை உரசுவது டேப்பட்டின் அடிப்பக்கம். கேம் புதிது என்றால் டேப்பட்டும் புதிதாகவே இருக்க வேண்டும், இதில் பேச்சுக்கே இடமில்லை. கேம் நன்றாக இருந்து வேறு வேலைக்காகக் கழற்றினால் பழைய டேப்பட்டையே போடலாம். ஆனால் எது எந்தக் குழியிலிருந்து வந்ததோ அதே குழிக்குத் திரும்ப வேண்டும். கழற்றும்போதே அட்டையில் ஓட்டை போட்டு எண் எழுதிச் செருகி வைப்பது நல்ல பழக்கம். புஷ் ராடைக் கண்ணாடிப் பலகையில் உருட்டுங்கள். துள்ளாமல் உருண்டு, முனையும் கெடாமல் இருந்தால் மறுபடி போடலாம். உருளை வைத்த ராக்கர், டேப்பட் வருகிற புது வண்டிகளில் விதி கொஞ்சம் தளரும். உருளை தட்டுத் தடங்கல் இல்லாமல் சுற்றி, முகத்தில் புள்ளிக்குழி இல்லாவிட்டால் அது புதுக் கேமோடும் ஓடும்.

வால்வு ஸ்பிரிங்கின் நீளத்தை வெர்னியரில் அளந்து கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிட்டாலே போதும். பலமான ஸ்பிரிங் போட்டால் இழுவை கூடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது கேமைத் தின்னும். கேம் பந்து பேரிங்கில் சுழலும் வண்டி என்றால் பேரிங்கை விரலால் சுற்றிப் பாருங்கள். கரகரத்தால் மாற்ற வேண்டியதுதான். சில வண்டிகளில் கேம் ஹெட்டின் அலுமினியத்திலேயே நேராகச் சுழலும். அங்கே கோடு விழுந்திருந்தால் ஹெட்டைச் சரி செய்யாமல் புதுக் கேம் வாங்குவது வீண். டைமிங் செயின் நீண்டு, ஸ்பிராக்கெட் பல் கூர்த்திருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். கேஸ்கெட், ஆயில் சீல் பற்றி யோசிக்கவே வேண்டாம், எப்போதும் புதிது.

பலர் விட்டுவிடுகிற இடம் ஒன்று உண்டு. கேமிலிருந்து தேய்ந்த இரும்பு எங்கே போயிற்று? எண்ணெயில்தான் கிடக்கும். பெரும்பாலான 100 சிசி வண்டிகள் ஒரு லிட்டர் அளவு எண்ணெயில் ஓடுபவை. அதில் கலந்த இரும்புத்தூள் ஆயில் பம்ப் வரை போய்வரும். பம்ப்பில் கோடு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். வலைச் சல்லடையையும், கிளட்ச் கவருக்குள் சுழல் வடிகட்டி இருந்தால் அதையும் கழுவச் சொல்லுங்கள். ஹெட்டுக்கு எண்ணெய் ஏறும் துளையைக் காற்றடித்துப் பார்க்க வேண்டும். கேம் தேய்ந்ததற்கு அந்தத் துளை அடைத்திருந்ததே காரணமாக இருக்கலாம். காரணத்தைத் தேடாமல் புதுக் கேம் போட்டால் அடுத்த சீசனில் இதே வேலை திரும்ப வரும்.

பூட்டும்போது கேமிலும் ராக்கரிலும் எண்ணெய் தாராளமாகத் தடவ வேண்டும். டேப்பட் வைத்த ஜீப் இன்ஜினைக் கிளப்பியதும் ஐட்லிங்கில் விடாமல், 2,000 சுற்றையொட்டி ஏற்றி இறக்கி 20 நிமிடம் ஓட்டுவது வழக்கம். காற்றில் குளிரும் பைக்கை நிறுத்தி வைத்து இப்படி முறுக்கினால் சூடேறிவிடும். அதைச் சமவெளியில் பாரமில்லாமல் ஓட்டிப் பழக்குங்கள். முதல் 500 கிலோமீட்டருக்குள் எண்ணெயை மாற்றிவிடுங்கள்.

வேலை முடிந்ததும் பழைய சாமான்களைக் கேட்டு வாங்குங்கள். கேமையும் ராக்கரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே, மாற்றியதெல்லாம் மாற்ற வேண்டியதுதானா என்பது உங்களுக்கே தெரியும்.