ஏ.சி. மாட்ட வருகிறார்களா? கவனியுங்கள்!



ஒரு கேள்வி. வெயில் கொளுத்துகிறது. பிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்து, அறையின் ஜன்னல்களை எல்லாம் மூடிவிட்டால் அறை குளிர்ந்துவிடுமா?

'குளிரும்' என்று சொன்னால் மதிப்பெண் பூஜ்யம்தான்! அறை இன்னும் கொஞ்சம் சூடாகும். பிரிட்ஜ் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே விடுகிறது. பிரிட்ஜின் பின்புறத்தைத் தொட்டால் சூடாக இருப்பது இதனால்தான். அந்தச் சூடு அதே அறையில்தானே சுற்றும்?

ஏ.சி.யும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால், வெப்பத்தை வீட்டுக்கு வெளியே கொட்ட வேண்டும். அதனால்தான் 'ஸ்பிளிட்' ஏ.சி.யில் இரண்டு பெட்டிகள். உங்கள் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ முதன்முதலாக ஏ.சி. மாட்டும்போது தள்ளி நின்று கவனியுங்கள். நல்லதொரு அறிவியல் பாடம் கிடைக்கும்.

வெப்பம் சுமக்கும் வாயு

ஊசி போடும் முன் நர்ஸ் கையில் ஸ்பிரிட் தடவினால் ஜில்லென்று இருக்கிறது அல்லவா? ஒரு திரவம் ஆவியாகும்போது, சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். ஏ.சி.க்குள் சுற்றிவரும் பொருள், உள்பெட்டியில் ஆவியாகி அறையின் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. வெளிப்பெட்டியில் உள்ள கம்ப்ரசர் அந்த வாயுவை அழுத்துகிறது. அது மீண்டும் திரவமாகும்போது வெப்பத்தை வெளியே விட்டுவிடுகிறது. கிணற்றில் வாளி போய் வருவது போல, இது ஓயாமல் நடக்கும்.

'ஒன்றரை டன் ஏ.சி.' என்கிறார்களே, அது பெட்டியின் எடை அல்ல. ஒரு அமெரிக்க டன், அதாவது சுமார் 900 கிலோ ஐஸ், ஒரு நாளில் உருகும்போது எடுத்துக்கொள்ளும் வெப்பத்தின் அளவே '1 டன்'.

இன்னொரு வேடிக்கை. நவீன ஏ.சி. முதலில் பிறந்தது மனிதர்களுக்காக அல்ல, காகிதத்துக்காக! அமெரிக்காவின் புரூக்ளின் பகுதியில் இருந்த ஓர் அச்சகத்தில், காற்றின் ஈரத்தால் காகிதம் விரிந்து சுருங்கி, வண்ணங்கள் இடம் மாறி அச்சாயின. அந்த ஈரத்தைக் கட்டுப்படுத்த 1902ல் கருவி வடிவமைத்தவர் வில்லிஸ் கேரியர். அப்போது அவருக்கு வயது 25!

ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு

சுவரில் போடும் துளை வெளிப்பக்கம் சற்றே சரிந்திருக்கும். ஏன்? குளிர்ந்த நீர் ஊற்றிய டம்ளரின் வெளியே முத்து முத்தாக நீர் படிவது போல, உள்பெட்டியிலும் காற்றின் ஈரம் நீராகிறது. சரிவு இருந்தால்தான் அது டியூப் வழியாக வெளியேறும். இல்லாவிட்டால், கட்டில் மேல் மழைதான்!

பிறகு, இரு பெட்டிகளையும் செம்புக் குழாய்களால் இணைப்பார்கள். இனிதான் முக்கியமான கட்டம். குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் வேக்குவம் பம்ப் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். கால் மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும். அதன்பின்தான் வெளிப்பெட்டியில் அடைத்து வைத்திருக்கும் வாயுவைத் திறந்துவிட வேண்டும். அவசரத்தில் இதைத் தவிர்த்தால் கம்ப்ரசர் திணறும்; மின்சாரம் கூடுதலாகும்; இயந்திரத்தின் ஆயுளும் குறையும். 'வேக்குவம் போட்டாச்சா அண்ணா?' என்று கேளுங்கள். தவறே இல்லை.

இப்போது பல ஏ.சி.களில் இருக்கும் 'ஆர் 32' என்ற வாயு, ஓரளவு தீப்பற்றும் தன்மை கொண்டது. அதனால் இணைப்புகளில் சோப்பு நீர் தடவி, குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள். குமிழி வந்தால் கசிவு இருக்கிறது என்று பொருள். ஏ.சி.க்கு தனி மின் இணைப்பும், எர்த்தும் அவசியம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகவே கூடாது.

உயிர் முக்கியம்

மாடி வீடு என்றால், வெளிப்பெட்டியை மாட்ட ஒருவர் ஜன்னலுக்கு வெளியே, சன்ஷேடு மேல் நிற்க வேண்டியிருக்கும். கனமான பெட்டி, பிடிமானம் குறைவு. கோடையில் ஒரே நாளில் பல வீடுகளுக்குப் போக வேண்டிய அவசரம் வேறு. கால் இடறினால் அவரை நம்பியிருக்கும் குடும்பம் என்னாகும்? இடுப்பில் பாதுகாப்பு பெல்ட் கட்டியிருக்கிறாரா என்று பெரியவர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். 'சீக்கிரம் முடிங்க' என்று யாரும் விரட்ட வேண்டாம். வேலை முடிந்ததும் குடிக்கத் தண்ணீர் கொடுங்கள். நீங்கள் அந்த ஜன்னல் பக்கம் போகவே கூடாது.

ஏ.சி. ஓடத் தொடங்கியதும் ரிமோட்டை எடுத்து 16 டிகிரிக்கு இறக்க வேண்டாம். 24 டிகிரி போதும், மின்சாரமும் மிச்சம். உங்கள் அறையிலிருந்து போகும் வெப்பம் மாயமாக மறைவதில்லை. வெளியே தெருவில் போகிறவர் மேல்தான் அது படுகிறது. அதையும் மறக்காதீர்கள், செல்வங்களே!