"நீங்க ஓட்டுற விதம்தான் காரணம்!"

செந்தூலில் என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு தமிழாசிரியை இருக்கிறார். புது வண்டி வாங்கி இரண்டு ஆண்டு ஆனபோது, ஜாலான் ஈப்போ நெரிசலில் ஊர்ந்து போகும் நேரங்களில் அது உதற ஆரம்பித்தது. முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறும்போது, யாரோ பின்னாலிருந்து பிடித்து ஆட்டுவது போல இருக்கும் என்பார். சர்வீஸ் சென்டருக்கு மூன்று முறை போனார். மூன்று முறையும் கிடைத்த பதில் ஒன்றுதான்: "மேடம், வண்டியில ஒன்னும் இல்ல. நீங்க ஓட்டுற விதம்தான் காரணம்."

எந்த நிறுவனம் என்று நான் எழுதப் போவதில்லை. ஆனால் அந்தப் பதிலைப் பற்றி எழுத வேண்டும். அது அவருக்கு மட்டும் கிடைத்த பதில் அல்ல. ஒரு நாட்டில் அந்தப் பதிலுக்கு விலை ஒரு கோடி டாலர்.

அந்த நாடு ஆஸ்திரேலியா. ஃபோர்டு நிறுவனத்தின் 'பவர்ஷிஃப்ட்' ஆட்டோ கியர்பாக்ஸ் பொருத்திய ஃபியஸ்டா, ஃபோக்கஸ், எக்கோஸ்போர்ட் வண்டிகள் அங்கே உதறின, திணறின, சில நேரம் இழுவையை இழந்தன. புகார் செய்தவர்கள் பலரிடம், உதறலுக்குக் காரணம் உங்கள் ஓட்டும் முறைதான் என்று சொல்லப்பட்டது. வண்டியிலேயே பிரச்சினை இருக்கிறது என்று நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தும் அப்படிச் சொன்னார்கள். ஆஸ்திரேலியப் போட்டி, பயனீட்டாளர் ஆணையம் வழக்குப் போட்டது. 2018 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம், புகார்களைக் கையாண்ட விதம் மனச்சாட்சிக்கு ஒவ்வாதது என்று கூறி 10 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. கவனியுங்கள், தண்டனை கியர்பாக்ஸ் கெட்டதற்கு அல்ல. வந்து கேட்டவர்களை நடத்திய விதத்துக்கு.

சரி, வண்டி ஏன் உதறுகிறது? செந்தூல் பாசார் பக்கம் எனக்குத் தெரிந்த ஃபோர்மன் ஒருவர் இருக்கிறார். அவருடைய தாத்தா செந்தூல் ரயில்வே பட்டறையில் இரும்போடு மல்லுக்கட்டியவர். பேரன் இப்போது ஆட்டோ கியர்பாக்ஸைப் பிரித்து மேசையில் பரப்பி வைத்துப் பாடம் நடத்துகிறார்.

"அண்ணே, மேனுவல் காடிய ஏத்தத்துல பிரேக் போடாம, அரை கிளட்ச்சுல பிடிச்சு நிப்பாட்டுவீங்கல்ல? கொஞ்ச நேரத்துல கருகுன வாடை வரும். இதுவும் அதேதான். என்ன, காலுக்குப் பதிலா கம்ப்யூட்டர் மிதிக்குது."

பழைய ஆட்டோ வண்டிகளில் எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே எண்ணெய் நிரம்பிய டார்க் கன்வெர்ட்டர் இருக்கும். வழுக்கலை எல்லாம் எண்ணெய் வாங்கிக்கொள்ளும். இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸில் அது இல்லை. ஒரு கிளட்ச் 1, 3, 5, 7 கியர்களைப் பார்த்துக்கொள்ளும், இன்னொன்று 2, 4, 6. ஒன்று விடும்போது மற்றது பிடிக்கும். அதனால் கியர் கண் இமைக்கும் நேரத்தில் மாறும், பெட்ரோலும் மிச்சம். நெடுஞ்சாலையில் அருமையான சாமான் என்பதை ஃபோர்மனே ஒப்புக்கொள்கிறார். சிக்கல், கிளட்ச் எண்ணெயில் மூழ்காத 'உலர்' வகையில்தான். அதைக் குளிரவைக்கக் காற்றை விட்டால் வேறு நாதி இல்லை. தைப்பூச வாரத்தில் பத்துமலைப் பக்கம் ஒரு மணி நேரத்தில் ஒரு கிலோமீட்டர் நகர்ந்து பாருங்கள். 33 டிகிரி வெயிலில், அரை கிளட்ச்சிலேயே ஒரு மணி நேரம். நம் ஊர்ச் சாலை அப்படித்தான். அதற்கு ஏற்றபடி வண்டியைச் செய்து விற்க வேண்டியது விற்பவருடைய வேலை.

இதை நான் வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. ஃபோக்ஸ்வாகன் கதையைப் பாருங்கள். அந்த நிறுவனத்தின் ஏழு கியர் டி.எஸ்.ஜி., பெயர் டி.கியூ.200, 2008-ல் வந்த உலர் கிளட்ச் வகை. போலோ, கோல்ஃப், ஜெட்டா என்று நம் சாலைகளில் ஓடிய பல வண்டிகளில் இருந்தது அதுதான். சீனாவில் புகார்கள் குவிந்ததால், 2012-லேயே அங்கு அதற்கான உத்தரவாதத்தை 10 ஆண்டு அல்லது 160,000 கிலோமீட்டர் என்று நீட்டினார்கள். புகார் நிற்கவில்லை. 2013 மார்ச் 15, உலகப் பயனீட்டாளர் தினத்தன்று, சீன அரசுத் தொலைக்காட்சி தன் வருடாந்திர நிகழ்ச்சியில் இதை எடுத்துப் போட்டது. ஒரு வாரம்கூட ஆகவில்லை, 384,181 வண்டிகள் ரீகால். மே மாதம் ஜப்பானில் சுமார் 91,000. ஜூனில் ஆஸ்திரேலியாவில் ஏறக்குறைய 26,000.

அதே ஆண்டு நவம்பரில் வந்ததுதான் நமக்கு நெருக்கமானது. அந்தக் கியர்பாக்ஸில் ஊற்றியிருந்த சிந்தெட்டிக் எண்ணெயை எடுத்துவிட்டு மினரல் எண்ணெய் ஊற்ற, உலகம் முழுக்க 16 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். வெப்பமும் ஈரப்பதமும் அதிகமான நாடுகளில், நின்று நின்று போகும் நெரிசலில், அந்த எண்ணெயால் கியர்பாக்ஸின் மின் இணைப்பில் கோளாறு வரலாம் என்பது காரணம். மலேசியாவும் அந்தப் பட்டியலில் இருந்தது. வெப்பம், ஈரம், நெரிசல்! கோலாலம்பூரை மூன்று சொல்லில் வர்ணிக்கச் சொன்னால் நானும் அதைத்தான் சொல்வேன். "நீங்க ஓட்டுற விதம்" என்ற பேச்சு அந்த அறிவிப்பில் இல்லை.

2019-ல் அதே கியர்பாக்ஸுக்கு ஆஸ்திரேலியா உள்ளிட்ட நாடுகளில் இன்னொரு ரீகால் வந்தது. இம்முறை பிரஷர் அக்குமுலேட்டர் என்ற வேறொரு பாகம். "நம்ம வண்டிக்குத்தான் ரீகால் முடிஞ்சிருச்சே" என்று இருந்துவிட முடியாது என்பதற்காகச் சொல்கிறேன். ஒரு வண்டிக்கு இரண்டு, மூன்று ரீகால்கூட வரும். ஜப்பானில் ஹோண்டா ஃபிட் ஹைப்ரிட், 2013 செப்டம்பரில் வெளிவந்து, அடுத்த ஆண்டு அக்டோபருக்குள் ஐந்து முறை ரீகால் ஆனது. முதல் சில, அதன் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸுக்காக. நிறுவனத் தலைவர் மூன்று மாதங்களுக்குத் தன் சம்பளத்தில் 20 விழுக்காட்டை விட்டுக்கொடுத்தார். நம் ஊரில் அப்படி ஒரு தலைவரைப் பார்க்க ஆசைதான்.

ரீகால் என்ற சொல்லை நம் ஆட்கள் ஏதோ அவமானம் போலப் பார்க்கிறார்கள். "என் காடிக்கு ரீகால் வந்துருச்சு" என்று வெளியே சொன்னால் விலை போகாது என்று பயம். என் கணக்கு வேறு. ரீகால் என்பது, தவறு எங்கள் பக்கம் என்று நிறுவனமே எழுத்தில் கொடுக்கும் தாள். பாகத்துக்கும் கூலிக்கும் நீங்கள் ஒரு காசு கொடுக்க வேண்டியதில்லை. உத்தரவாதம் முடிந்திருந்தாலும், நீங்கள் மூன்றாவது உரிமையாளராக இருந்தாலும் சரி, ரீகால் வண்டியோடு போகும். உத்தரவாத நீட்டிப்பு அப்படி அல்ல. அதற்கு ஆண்டு, கிலோமீட்டர் என்று எல்லை உண்டு. கோளாறு வந்த பிறகுதான் பார்ப்பார்கள். கவுண்டரில் உங்களிடம் பேசுவது எதைப் பற்றி என்பதை முதலில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

ஆசிரியைக்கு ரீகால் தாள் வரவில்லை. அவருடைய வண்டிக்கு ரீகாலே அறிவிக்கப்படவில்லை. அவர் என்ன செய்தார்? நான்காவது முறை போனபோது, வேலைத் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன் பேனாவை வாங்கி, தன் புகாரைத் தானே எழுதினார். தேதி, கிலோமீட்டர், எந்த கியரில், எத்தனை நிமிட நெரிசலுக்குப் பிறகு. அதன் நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டார். காடிக்குள் மகனை உட்காரவைத்து, மீட்டர் தெரிகிற மாதிரி வீடியோவும் எடுத்தார். முப்பது ஆண்டு விடைத்தாள் திருத்திய கை, சும்மா விடுமா?

ஐந்தாவது முறை போனபோது, உத்தரவாதம் முடிந்துவிட்டது, 9,000 வெள்ளி ஆகும் என்றார்கள். இங்கேதான் பலர் திரும்பி வந்துவிடுகிறோம். ஆனால், நம் நாட்டின் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 32-ஆவது பிரிவு, விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. பாதுகாப்பும், நீடித்து உழைப்பதும் அந்தத் தரத்தில் அடங்கும். நிறுவனம் அச்சடித்துக் கொடுக்கும் உத்தரவாதப் புத்தகம் முடிந்த நாளோடு அந்த உரிமை முடிந்துபோவதில்லை.

அவர் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போனார். மனுக் கட்டணம் 5 வெள்ளி. வக்கீல் வேண்டாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே எடுத்துக்கொள்வார்கள். 2019-க்கு முன் அது 25,000 ஆக இருந்தது. மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. காத்திருந்து காத்திருந்து நாளைக் கோட்டைவிடுகிறவர்கள் உண்டு. தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம். ஆசிரியையின் மனு விசாரணைக்கு வருவதற்கு முன்பே நிறுவனத்திலிருந்து தொலைபேசி வந்தது. கிளட்ச் இலவசமாக மாற்றித் தரப்பட்டது. ஓட்டுகிற விதத்தைப் பற்றி அதன்பின் யாரும் பேசவில்லை.

சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் 1 முதல் 'லெமன் லோ' இருக்கிறது. வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியவரும் கோளாறு, விற்றபோதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடைக்காரர். கோளாறு வண்டியை ஆங்கிலத்தில் எலுமிச்சை என்று சொல்வார்களாம். நாமோ புது வண்டி எடுத்ததும் கோயிலுக்குக் கொண்டுபோய் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சையை வைத்து நசுக்குகிறோம்! நம் நாட்டில் இந்தச் சட்டம் பற்றிய பேச்சு ஆண்டுக்கணக்கில் நடக்கிறது. ஒன்பது ஆண்டுக் கடனில் வண்டி எடுக்கிற குடும்பங்களுக்கு அது பேச்சாகவே இருப்பது கொஞ்சமும் நல்லதல்ல.

போன மாதம் என் அக்கா மகன், பழைய இரட்டைக் கிளட்ச் வண்டி ஒன்றைப் பார்த்து வைத்திருந்தான். 22,000 வெள்ளி, பெயின்ட் பளபள. கைக்குழந்தையைப் பின்சீட்டில் வைத்து ஓட்டப் போகிறவன். "மாமா, டெஸ்ட் டிரைவ்ல ஒன்னும் தெரியல" என்றான். வெறும் பத்து நிமிடம், காலியான சாலையில் ஓட்டினால் எப்படித் தெரியும்? கிராண்டில் இருந்த சேசிஸ் நம்பரை எடுத்து, அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்யச் சொன்னேன். அந்த நம்பருக்கு இரண்டு ரீகால். ஒன்று முடிந்திருந்தது. மற்றது முடியவில்லை. கடிதம் முதல் உரிமையாளரின் பழைய முகவரிக்குப் போயிருக்கும். அவர் வீடு மாறிவிட்டார், வண்டி கை மாறிவிட்டது. இப்படி எத்தனை வண்டிகள் ஓடுகின்றனவோ!

பெயர் மாற்றுவதற்கு முன் அந்த ரீகாலை முடித்து, ரசீதைக் காட்டும்படி விற்பவரிடம் கேட்டோம். அவரும் நல்ல மனிதர், மறுக்கவில்லை. செலவு ஒன்றும் இல்லை, ஒரு நாள் வண்டியை விட்டு எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அன்று ஃபோர்மன் அவனுக்கு இன்னும் ஒன்று சொல்லி அனுப்பினார். டியூக் நெடுஞ்சாலையில் போகும்போது திடீரென்று இழுவை போய்விட்டால், எஞ்சின் உறுமும், வண்டி போகாது. பதற வேண்டாம். எஞ்சின் ஓடும் வரை ஸ்டீயரிங்கும் பிரேக்கும் வேலை செய்யும். அபாய விளக்கைப் போட்டு, வேகம் இருக்கும்போதே இடது ஓரம் ஒதுங்க வேண்டும். குடும்பத்தைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்ட பிறகுதான் போன் எடுக்க வேண்டும். எஞ்சினை அணைத்து மறுபடி போட்டால் சில நேரம் வண்டி ஒன்றும் நடக்காதது போல ஓடும். அப்படி ஓடினாலும் அன்றைக்கே சர்வீஸ் சென்டருக்குப் போய், என்ன நடந்தது என்று வேலைத் தாளில் எழுதிவிட வேண்டும்.