மூச்சு வாங்குது சித்தி!

விடியற்காலை ஐந்தரை மணி. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி, படகுகள் வரிசையாகக் கிடக்கும் மணலில் என் அக்கா மகள் ஓடிக்கொண்டிருந்தாள். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்து முதல் நாள் ராத்திரிதான் என் வீட்டுக்கு வந்திருந்தாள். "பீச்ல ஓடினா கால் பலம் வரும்னு எல்லாரும் சொல்றாங்க சித்தி" என்று உற்சாகமாகத்தான் ஆரம்பித்தாள். முந்நூறு அடி தாண்டியிருக்க மாட்டாள். ஒரு படகைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"மூச்சு வாங்குது சித்தி... கண்ணு இருட்டுது!"

முகத்தைப் பார்த்தேன். உதடு வெளுத்திருந்தது. கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது!

இரண்டாம் நிலைக் காவலர் பணிக்கான எழுத்துத் தேர்வில் அவள் பாஸ். உடல் தகுதித் தேர்வுக்கு இருந்ததோ இன்னும் பதினெட்டே நாள்.

எழுத்தில் பாஸ், ஓட்டத்தில்?

நம் மாநிலத்தில் போலீஸ் வேலைக்கு ஆள் எடுப்பது 1991-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையம். விண்ணப்பம் ஆன்லைனில்தான். பத்தாம் வகுப்பு பாஸ் செய்து 18 வயது நிரம்பியிருந்தால் போதும். அண்மை ஆண்டுகளின் அறிவிப்புகளில் உச்ச வயது பொதுப்பிரிவுக்கு 26, பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 28, தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 31. ஆதரவற்ற விதவைகளுக்கு 37 வரை சலுகை உண்டு. இது பல வீடுகளுக்குத் தெரிவதே இல்லை!

தமிழ்த் தகுதித் தேர்வில் 40 சதவீதம் எடுத்தால்தான் மற்ற விடைத்தாளைத் திருத்துவார்கள். அந்த முதன்மை எழுத்துத் தேர்வுக்கு 70 மார்க், உடல்திறன் போட்டிக்கு 24, என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்கு 6. ஆக மொத்தம் நூறு.

இந்த 24-ஐ எட்டுவதற்கு முன்பே ஒரு வாசல் இருக்கிறது. உயரம் அளப்பார்கள். ஆண்களுக்கு 170 செ.மீ., பெண்களுக்கு 159 (தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு முறையே 167, 157). ஆண்களுக்கு மார்பளவு 81 செ.மீ., மூச்சை இழுத்தால் 5 செ.மீ. விரிய வேண்டும். அப்புறம் ஓட்டம். ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிஷத்தில், பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிஷத்தில் முடிக்க வேண்டும். முடியாவிட்டால் அன்றோடு சரி. எழுத்துத் தேர்வில் அறுபத்தைந்து வாங்கியிருந்தாலும் வீட்டுக்குத்தான்!

குற்றவாளி சோம்பேறித்தனம் அல்ல!

அன்றே ரத்தப் பரிசோதனை செய்தோம். ஹீமோகுளோபின் 8.4. பெண்களுக்கு 12-க்குக் குறையக் கூடாது.

அக்காவுக்கு போன் செய்தேன். "அட, நான் சோம்பேறின்னு திட்டிக்கிட்டே இருந்தேனே. மாடிப்படி ஏறினா உட்கார்ந்துடுவா. எந்நேரமும் தூக்கம். படிக்கிற பொண்ணு, அசதியா இருக்கும்னு விட்டுட்டேன்டி..." என்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

இது அக்கா வீட்டுக் கதை மட்டுமல்ல. 2019-21-ல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல்! மூன்று வேளையும் சாப்பாடு குறையாத வீடுகளிலும் இது இருக்கிறது.

ஓடும்போது தசைகளுக்குப் பிராணவாயு வேண்டும். அதைச் சுமந்து போகும் வண்டி ஹீமோகுளோபின். வண்டியே முக்கால்வாசிதான் இருக்கிறது என்றால் சரக்கு எப்படிப் போய்ச் சேரும்? இதயம் இரண்டு மடங்கு வேகத்தில் அடித்துப் பார்க்கும், நுரையீரல் இரைக்கும், கால் துவளும். அதைத்தான் நாம் சோம்பேறித்தனம் என்கிறோம்!

டாக்டரம்மா இரும்புச்சத்து மாத்திரையும், குடல் புழுவுக்கு மருந்தும் எழுதிக் கொடுத்தார். மாதவிலக்கில் எத்தனை நாள் போகிறது, எவ்வளவு போகிறது என்று கேட்டார். அதிகமாகப் போனால் அதற்கும் வைத்தியம் பார்க்க வேண்டுமாம். கடைசியில் ஒன்று சொன்னார். மாத்திரை போட்டு மூன்று, நாலு வாரத்தில்தான் ரத்தம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஏறும். முழுசாகச் சரியாக மாதக்கணக்காகும் என்று.

எங்களிடம் இருந்ததோ பதினெட்டு நாள்!

முதலில் டாக்டர், அப்புறம் மைதானம்

அதனால்தான் சொல்கிறேன். உங்கள் பிள்ளை 'போலீஸ் வேலைக்குப் போடப் போறேன்' என்று சொல்லும் அன்றே புத்தகக் கடைக்குப் போகும் முன் டாக்டரிடம் போங்கள். பார்க்க வேண்டியவை இவை:

ரத்தம்: ஹீமோகுளோபின், சர்க்கரை. களைப்பு அதிகம் என்றால் தைராய்டும் பார்க்கலாம்.

இதயம்: ஓடும்போது நெஞ்சுவலி, மயக்கம் வந்திருந்தாலோ, குடும்பத்தில் இளவயதில் யாராவது திடீரென்று இறந்திருந்தாலோ டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஈ.சி.ஜி., எக்கோ எடுக்கச் சொல்வார். அது முடியும்வரை ஓட்டம் வேண்டாம்.

கண்: பார்வைக் குறைவு மட்டுமல்ல, நிறக்குருடும் பார்க்க வேண்டும். புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் புத்தகத்தைக் காட்டி ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடுவார்கள். ஆண் பிள்ளைகளிடம் இது அதிகம். இரண்டு வருஷம் படித்து, ஓடி, கடைசி மருத்துவப் பரிசோதனையில் தெரிந்து நொந்து போவதைவிட முதல் நாளே தெரிந்துகொள்வது மேல் அல்லவா?

கால்: தட்டைப் பாதம், முட்டி இடிக்கும் கால், நரம்பு சுருட்டல் இருக்கிறதா என்று எலும்பு டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

உயரம்: காலையில் எழுந்ததும் நம் உயரம் ஒரு சென்டிமீட்டர் வரை கூடுதலாக இருக்கும். நாள் முழுக்க நின்று நடந்தால் முதுகெலும்புத் தட்டுகள் அமுங்கிக் குறையும். எல்லைக்கோட்டில் இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் 'உயரம் கூட்டும் பவுடர்' விளம்பரத்தில் பணத்தைக் கொட்டாதீர்கள். எலும்பு வளரும் நுனிகள் மூடிய பிறகு எந்தப் பவுடராலும் உயரம் கூடாது.

மணலா, தரையா?

எங்கள் கடலோரத்தில் கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை விடிகாலையில் மணலில் ஓடும் பிள்ளைகளைப் பார்க்கலாம். புதைமணலில் ஓட, கெட்டித் தரையில் ஓடுவதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் சக்தி செலவாகும். வாரத்தில் ஒரு நாள் கொஞ்ச தூரம் ஓடினால் கணுக்காலுக்கு நல்லது. தினமும் அதிலேயே ஓடினால் கெண்டைக்காலும் குதிகால் நரம்பும் பிடித்துக்கொள்ளும். அலை ஓரம் சரிவாக இருப்பதால் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே என்று ஓடி முட்டியும் வலிக்கும். தேர்வு நடப்பது மைதானத்தில். பயிற்சியும் பெரும்பாலும் மண் தரையில்தான் இருக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். கடல் காற்று சில்லென்று இருந்தாலும் ஈரப்பதம் அதிகம். வியர்வை காயாது. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். அதனால் செங்கல்பட்டில் ஓடிப் பழகியவர்களுக்கும் இங்கே சீக்கிரம் சூடேறிவிடும்.

பன்னிரண்டு வாரக் கணக்கு

முதல் 4 வாரம்: அரை மணி வேக நடை. நடுநடுவே ஒரு நிமிஷம் மெதுவோட்டம், இரண்டு நிமிஷம் நடை. வாரம் மூன்று நாள் தோப்புக்கரணம், தண்டால். 'தோப்புக்கரணமா?' என்று சிரிக்காதீர்கள். தொடைக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது!

5 முதல் 8-வது வாரம்: 200 மீட்டர் வேகமாக, அதே தூரம் நடை. இப்படி ஆறு முறை, வாரம் இரண்டு நாள். நீளம் தாண்டுதல், குண்டு எறிதல், கயிறு ஏறுதல் ஆகியவற்றை ஒரு பி.டி. மாஸ்டரிடம் முறையாகப் பழகட்டும்.

9 முதல் 11-வது வாரம்: கடிகாரம் வைத்து முழு தூரம். கணக்கு எளிது. பெண்கள் ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 37 விநாடி, ஆண்கள் ஒவ்வொரு 400 மீட்டர் சுற்றுக்கும் 1 நிமிஷம் 50 விநாடி. முதல் சுற்றிலேயே புலிப்பாய்ச்சல் பாய்ந்தால் கடைசிச் சுற்றில் பூனையாகி விடுவோம்!

12-வது வாரம்: பாதியாகக் குறைத்து, நன்றாகத் தூங்க வேண்டும். கடைசி இரண்டு நாள் ஓய்வு.

உயிருக்கே உலை வைக்கும் அவசரம்

இது வெறும் வேலை விஷயம் இல்லை. 2024 ஆகஸ்டில் ஜார்க்கண்ட் மாநிலத்தில் கலால் துறைக் காவலர் தேர்வு நடந்தது. ஆண்கள் ஒரு மணி நேரத்தில் 10 கிலோமீட்டர் ஓட வேண்டும். புழுக்கமான நாட்களில் ஓடிய இளைஞர்களில் பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். தேர்வைச் சில நாள் நிறுத்திவைத்த அரசு, காலை 9 மணிக்கு மேல் ஓட்டம் கூடாது என்றும் உத்தரவு போட்டது. போன உயிர்கள் திரும்பவா போகின்றன?

உடம்பு வெயிலுக்குப் பழகவே 10 முதல் 14 நாள் ஆகும். 'இன்னும் பத்து நாள்தான் இருக்கு' என்று மத்தியானத்தில் ஓடுவது, எடை குறையத் தண்ணீர் குடிக்காமல் இருப்பது, யாரோ கொடுத்த 'ஸ்டாமினா' மாத்திரையை விழுங்குவது, காய்ச்சலோடு ஓடுவது எல்லாமே ஆபத்து. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடினால் சிறுநீரகமும் கெடும்.

ஓடியவர் பேச்சு குழறினால், தள்ளாடினால், உடம்பு கொதித்தால் உடனே நிழலில் படுக்க வைத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே 108-க்கு போன் செய்யுங்கள். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஓட்டத்துக்குப் பிறகு சிறுநீர் காபி டிகாக்‌ஷன் நிறத்தில் போனால் தசை சிதைந்திருக்கிறது என்று அர்த்தம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அடுப்படியில் என்ன மாற்றம்?

அக்கா முதலில் செய்தது கீரை கீரையாகச் சமைத்ததுதான். கீரையில் இரும்பு உண்டு, ஆனால் உடம்பு அதைக் கொஞ்சமாகத்தான் எடுத்துக்கொள்ளும். கூடவே எலுமிச்சை, நெல்லி, கொய்யா இருந்தால் கூடுதலாகச் சேரும். அசைவம் சாப்பிடுபவர்களுக்கு ஈரல், மீன், முட்டை. சைவத்துக்கு வேர்க்கடலை, கொண்டைக்கடலை, பயறு, எள், கேழ்வரகு.

சாப்பிட்டதும் காபி, டீ வேண்டாம். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மாத்திரையைப் பாலோடு கொடுக்காதீர்கள். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். குமட்டல் இருந்தால் டாக்டரிடம் சொல்லிச் சாப்பாட்டுக்குப் பிறகு போடலாம். ரத்தம் 12-ஐத் தொட்டதும் மாத்திரையை நிறுத்துவதுதான் நாம் செய்யும் பெரிய தப்பு! உடம்பின் சேமிப்பு நிரம்ப, டாக்டர் சொல்லும்வரை இன்னும் சில மாதம் தொடர வேண்டும்.

'பொண்ணுக்கு எதுக்கு இதெல்லாம்?'

அக்கா வீட்டுக்காரரின் கேள்வி இது. 1973-ல்தான் தமிழ்நாடு காவல்துறையில் பெண்கள் சேர்ந்தார்கள். 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது. திருநங்கை என்பதால் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட சேலத்தைச் சேர்ந்த பிரித்திகா யாஷினி, 2015-ல் உயர் நீதிமன்றம் வரை போய்ப் போராடி, பிறகு சப்-இன்ஸ்பெக்டர் ஆனார். அவர் பயிற்சி பெற்ற போலீஸ் அகாடமி நம் வண்டலூர் பக்கம், ஊனமாஞ்சேரியில்தான் இருக்கிறது. "மாமா, பொண்ணுக்கு வேலை கிடைக்குதோ இல்லையோ, உடம்பாவது தேறட்டுமே!" என்றேன். மறுநாள் அவரே ஸ்கூட்டரில் மைதானத்துக்குக் கொண்டுபோய் விட்டார்.

பையன்களைப் பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. கடைசியில் நன்னடத்தை விசாரணை உண்டு. அடிதடி வழக்கு ஏதாவது இருந்தால் விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள். மறைத்தது தெரிந்தால் அதுவே வேலையைப் பறித்துவிடும்.

பதினொரு விநாடி

பதினெட்டு நாள் கழித்து என் அக்கா மகள் ஓடினாள். டாக்டரம்மா, "மெதுவா ஓடு, தலை சுத்தினா நின்னுடு" என்று சொல்லித்தான் அனுப்பினார். 2 நிமிஷம் 41 விநாடி. பதினொரு விநாடியில் போயிற்று!

வெளியே வந்தவள் அழவில்லை. "சித்தி, ஒரு வருஷம் முன்னாடியே ரத்தம் டெஸ்ட் பண்ணியிருக்கலாம்ல?" என்று மட்டும் கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

மாத்திரையை நிறுத்தவில்லை. ஐந்து மாதம் கழித்து, செங்கல்பட்டில் ஒரு பள்ளி மைதானம். அக்கா கையில் சுண்டல் டப்பா, மாமா கையில் கடிகாரம். ஹீமோகுளோபின் 12.3. நானூறு மீட்டரை முடித்துவிட்டு எங்களை நோக்கி நடந்து வந்தாள். உட்காரவில்லை. மூச்சு வாங்கியது, ஆனால் உதடு சிவந்திருந்தது.

"எவ்ளோப்பா?"

"ரெண்டு நிமிஷம் பன்னெண்டு செகண்டு!" என்ற மாமாவின் குரல் கம்மியது.

அடுத்த அறிவிப்புக்காகக் காத்திருக்கிறாள். வயது 24, இன்னும் காலம் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் மாடிப்படி ஏறினால் உட்கார்ந்துவிடும் ஒரு பெண் இருக்கிறாளா? போலீஸ் வேலைக்குப் போகிறாளோ இல்லையோ, திட்டுவதற்கு முன் அவள் கீழ் இமையை ஒரு தடவை இழுத்துப் பாருங்களேன்!